நின்றால்தானே நடக்க முடியும்!

(பட்டிமன்றத் தலைப்பு: "பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஒரு வருஷம் நிற்பது நஷ்டமே! லாபமே!" முக்கூடலில் பதிவான நிகழ்ச்சியில், 'லாபமே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் வந்து 'நஷ்டம், நஷ்டம்' என்று ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை மாதிரிக் கூட்டிக் கழித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிற எதிரணிப் பேராசிரியர் அவர்களே! என் அணித் தோழர்களே! ராத்திரிச் சாப்பாட்டை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே! 'இறக்கி வைங்க' என்று சொன்னதை மறந்துவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிற பெரியோர்களே! (சிரிப்பு) தொலைக்காட்சி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிற சொந்தங்களே! 

இது என் ஊர். வெளியூர் மேடையில் 'நான் முக்கூடல்காரன்' என்று சொன்னால் போதும், தமிழ் படித்தவர்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். 'ஐயா, முக்கூடற்பள்ளு பிறந்த ஊரா!' என்பார்கள். அந்த முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம் இருக்கிறது. தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் சேருகிற இடம் அது. நான் பிறந்தது இந்த முக்கூடல், பீடி முக்கூடல். ஆனால் ஆசையாகக் கையைப் பிடித்த மனுஷரை ஏமாற்றலாமா? முப்பது வருஷமாக 'ஆமாங்க, அந்த ஊருதான்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். (சிரிப்பு) இன்றைக்குச் சொந்த ஊரில் நின்று பேசுகிறேன், அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன். இன்னோர் உண்மையும் பாக்கி இருக்கிறது. அது சிரிக்கிற உண்மை இல்லை. பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எதிரணி நண்பர் மூன்று கணக்குச் சொன்னார். ஒன்று, ஒரு வருஷம் நின்றால் ஒரு வருஷச் சம்பளம் போச்சு. இரண்டு, கூடப் படித்தவன் முந்திப் போய்விடுவான். மூன்று, நின்ற பிள்ளை திரும்பப் போகாது. முதல் இரண்டு கணக்கையும் நான் அழித்துவிடுவேன். மூன்றாவது கணக்கைச் சொன்னபோது மட்டும் எனக்குக் கை தட்டத் தோன்றியது ஐயா. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் சீமையில் 'நிற்பது' என்ற சொல்லுக்கே ஒரு தனி அகராதி உண்டு. "ஏ, உம்ம மக இப்ப என்ன படிக்கா?" என்று கேட்பார்கள். "அவ நின்னுட்டா" என்பார்கள். அவ்வளவுதான். நேர்ப்பொருள், படிப்பை விட்டுவிட்டாள். குறிப்புப் பொருள், மாப்பிள்ளை இருந்தால் சொல்லும்! (சிரிப்பு) ஒரே வினைச்சொல்லுக்குள் ஒரு பெண்ணின் தலையெழுத்தையே எழுதி வைத்திருக்கிறோம்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2022 ஜூன் மாதம். என் தங்கச்சி மகள், எனக்கு மருமகள், பிளஸ் டூ தேறினாள். 'மாமா, நான் பிசியோதெரபி படிக்கப் போறேன்' என்றாள். இயன்முறை மருத்துவம் என்று அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'தடவி விடுற படிப்பு.' (சிரிப்பு) 'தடவி விடுறதுக்கு நாலரை வருஷமா? நம்ம ஊர் வைத்தியர் அரைப்படி எண்ணெயில முடிச்சிருவாரே' என்று ஒரு பெரியப்பா கேட்டார். நாலு வருஷம் படிப்பு, ஆறு மாதம் மருத்துவமனைப் பயிற்சி என்று நாங்கள் விளக்கினோம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடமும் கிடைக்கிற மாதிரி இருந்தது.

ஜூலையில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை, வலது கால், பாதிப் பேச்சு, மூன்றும் போய்விட்டன. மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டோம். அன்று ராத்திரி மருமகள் எனக்குப் போன் பண்ணினாள்.

"மாமா, நான் ஒரு வருஷம் நிக்கேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "எதுக்குட்டி நிக்கே? நின்னு என்ன செய்யப் போறே?"

அவள் சொன்னாள்: "ஆச்சியை நிக்க வைக்கதுக்கு."

நடுவர் அவர்களே! நான் முனைவர் பட்டம் வாங்கியவன். சிலேடை என்றால் என்னவென்று முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன். பதினேழு வயதுப் பிள்ளை ஒரே சொல்லில் என் வாயை அடைத்துவிட்டாள். (கைதட்டல்) அடைத்தாலும் நான் விடவில்லை. 'கூடப் படிச்சவங்க முந்திருவாங்க, ஒரு வருஷம் போச்சுன்னா போச்சு' என்று இன்றைக்கு எதிரணி நண்பர் பேசினாரே, அதையெல்லாம் வரிவரியாக நான் அன்றைக்கே பேசிவிட்டேன். ஆகவே நண்பரே, இன்றைக்கு உங்கள் பேச்சை நான் எதிர்க்கவில்லை. என் பழைய பேச்சை எதிர்க்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு வருஷம் நின்றால் நஷ்டம் என்கிறீர்கள். நம் ஊரில் ஒரு வருஷம் நிற்காத பிள்ளை உண்டா? டாக்டர் சீட்டுக்கு நீட் தேர்வு. முதல் தடவை மதிப்பெண் வரவில்லை. அப்பா என்ன செய்கிறார்? பயிற்சி மையத்துக்குப் பணத்தைக் கட்டி ஒரு வருஷம் நிறுத்துகிறார். தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. நீட் வருவதற்கு முன்னால், 2016-17-இல், மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் முந்தைய வருஷமே பள்ளி முடித்தவர்கள் சுமார் 12 சதவீதம் பேர்தான். 2020-21-இல் அது சுமார் 71 சதவீதம். அதாவது, நூறு பேர் சேர்ந்தால் எழுபது பேர் ஒரு வருஷமாவது நின்று சேர்ந்தவர்கள். அது நல்லதா கெட்டதா என்பது வேறு பட்டிமன்றம். நான் கேட்பது ஒன்றுதான். பையன் பயிற்சி மையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வருஷம் நின்றால் 'முயற்சி பண்ணுதான்' என்கிறோம். பெண் பிள்ளை வீட்டில் ஓர் உயிரைத் தூக்கி நிறுத்த ஒரு வருஷம் நின்றால் 'நின்னுட்டா' என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்? (கைதட்டல்)

உலகத்தைக் கொஞ்சம் பாருங்கள். சிங்கப்பூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன! அங்கே ஆண் பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போகவேண்டும் என்று 1967 முதல் சட்டம். பள்ளி முடித்து, சீருடை போட்டு, இரண்டு வருஷம் சேவை செய்துவிட்டு அதற்கப்புறம் பல்கலைக்கழகம் போகிறான் பையன். ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம்! அந்த நாடு பின்னால் போய்விட்டதா?

அமெரிக்காவுக்கு வாருங்கள். அங்கே இயன்முறை மருத்துவராக வேண்டுமானால் முதலில் ஒரு பட்டப்படிப்பு. அதற்கு மேலே மூன்று வருஷ முனைவர் நிலைப் படிப்பு. பல கல்லூரிகள் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி கேட்கின்றன. 'இந்தத் தொழில் செய்கிறவர்கள் பக்கத்தில் நின்று எத்தனை மணி நேரம் பார்த்தாய்?' என்பது கேள்வி. மணிக் கணக்குக் காட்ட வேண்டும். அதற்காகவே பட்டம் முடித்து ஒரு வருஷம் நிற்கிற பிள்ளைகள் அங்கே உண்டு. ஏன் கேட்கிறார்கள்? இந்தத் தொழில் புத்தகத்தில் இருப்பது பாதி. இன்னொரு மனுஷருடைய உடம்பின் பாரத்தை நம் தோளில் வாங்குவது மீதிப் பாதி. அந்தப் பாரம் தனக்குச் சம்மதமா என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டாமா?

நம் ஊரில் எப்படிச் சேர்கிறார்கள்? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டுக் கிடைக்கவில்லை. பல் டாக்டர் சீட்டும் கிடைக்கவில்லை. 'சரி, இதையாவது போடு' என்று அப்பா விண்ணப்பத்தில் எழுதுகிறார். பெரிய இடத்துச் சம்பந்தம் தப்பிப்போன கோபத்தில், வந்த இடத்துக்குத் தாலி கட்டுகிற மாதிரி! (சிரிப்பு) கட்டிக்கொண்ட பிறகு முதல் வருஷம் முழுக்க எலும்பு, தசை, நரம்பு என்று பெயர் மனப்பாடம். நோயாளியைக் கிட்டே போய்ப் பார்க்கும்போதுதான் 'ஐயோ, இது எனக்கு ஒத்துவராதே' என்று தெரிகிறது. அப்போது திரும்பினால் அதுதான் ஐயா நஷ்டம்! முன்னாலேயே ஒரு வருஷம் பார்த்துவிட்டுப் போனால் அது காவல்.

அந்தப் பிள்ளை அந்த ஒரு வருஷம் என்ன செய்தாள்? அதைச் சொன்னால்தான் லாபமா நஷ்டமா என்று தெரியும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் வந்தது. படுத்திருக்கிறவர்களை அவர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் வருகிறார். அப்படி எங்கள் வீட்டுக்கும் ஓர் அம்மையார் வந்தார். வந்ததும் முதலில் எங்களைத் திட்டினார். நாங்கள் என்ன செய்தோம்? அம்மாவை உட்கார வைக்க, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிக்கொண்டிருந்தோம். நானும் என் தம்பியும், பாசத்தோடு, ஆளுக்கு ஒரு கை! 'தோள்பட்டையைப் பிடித்து நிறுத்துவது தசைதான். அந்தத் தசை செத்துக் கிடக்கும்போது கையை இழுத்தால் மூட்டு கீழே இறங்கிவிடும். பிறகு வலியிலேயே அந்த அம்மா கையை அசைக்க மாட்டாங்க' என்றார். அதைக் கேட்டு எனக்கு வேர்த்துவிட்டது. பாசம் இருந்தால் போதாது ஐயா, பிடிக்கத் தெரியவேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். 'மூளையில் ஒரு பகுதி போய்விட்டால், மிச்சம் இருக்கிற பகுதி அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்க வேண்டும். முதல் சில மாதம் ரொம்ப முக்கியம். நான் மாசத்தில் சில நாள்தான் வர முடியும். மத்த நாளெல்லாம் யார் செய்வது?' என்று கேட்டார்.

மருமகள் கையைத் தூக்கினாள்.

நண்பரே, இங்கேதான் உங்கள் கணக்கு உடைகிறது. கல்லூரி அடுத்த ஜூனிலும் அதே இடத்தில் இருக்கும். பிளஸ் டூ மதிப்பெண்ணும் அடுத்த ஜூனில் அழிந்துவிடாது. அப்போது அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் இந்தப் படிப்புக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் ஆச்சியின் மூளை அடுத்த ஜூன் வரைக்கும் காத்திருக்குமா? எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்துப் பார்ப்பதற்குப் பெயர்தானே அறிவு? (கைதட்டல்)

அவள் ஒரு நோட்டுப் போட்டாள். காலையில் கட்டிலிலேயே புரண்டு படுக்க வைப்பது. பிறகு காலைத் தொங்கவிட்டு உட்கார வைப்பது. உட்கார்ந்தபடியே சாயாமல் இருக்கப் பழக்குவது. வலது கையை மேசைமேல் வைத்துத் துணியைத் துடைக்கிற மாதிரித் தள்ள வைப்பது. இப்படி ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று எழுதினாள். ஆச்சி அழுவாள், திட்டுவாள். பாதிப் பேச்சு போனாலும் திட்டுகிற பாதி பத்திரமாக இருந்தது! (சிரிப்பு) அதற்கும் நோட்டில் ஒரு கட்டம். 'இன்று ஆச்சி திட்டியது: 14.' மறுநாள் 16 என்று எழுதியிருக்கும். 'ஏன்டி?' என்றால், 'பேச்சு முன்னேறுது மாமா' என்பாள். (சிரிப்பு)

சாயங்காலம் தெருவில் பீடி சுற்றுகிற பெண்கள் திண்ணைக்கு வருவார்கள். இந்த ஊரில் பீடித் தட்டை மடியில் வைக்காத வீடு எத்தனை? பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை நடத்துகிற ஊர் இது. குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொள்கிறது. தோள் இறுகிப் போகிறது. இவள் அந்த இயன்முறை அம்மையாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, 'அக்கா, அரை மணிக்கு ஒரு தடவை தட்டை இறக்கி வைங்க, எந்திரிச்சு நில்லுங்க' என்பாள். தெருவே அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்க ஆரம்பித்தது. 'என்னவே, தேசிய கீதமா பாடுதாங்க?' என்று கேட்டுவிட்டுப் போனார் ஒரு அண்ணாச்சி! (சிரிப்பு)

அடுத்த வருஷம் கல்லூரியில் சேரும்போது ஒரு காகிதம் கேட்டார்கள். இடைவெளிச் சான்று. 'நடுவில் ஒரு வருஷம் என்ன செய்தாய்?' என்று வக்கீலிடம் முத்திரை போட்டு எழுதி வாங்கி வரவேண்டும். எழுதுகிறவர் எல்லோருக்கும் ஒரே வாசகம் வைத்திருந்தார். 'மேற்படியார் எந்தப் படிப்பிலும் சேராமல் வீட்டில் சும்மா இருந்தார்.' நான் அந்தச் 'சும்மா'வைப் பார்த்தேன். ஐயா, தமிழில் 'சும்மா' என்பது ஞானிகள் தேடுகிற சொல். சும்மா இருப்பது சுலபமில்லை என்று சித்தாந்தமே இருக்கிறது. அந்தச் சொல்லை நூறு ரூபாய்க்கு முத்திரை போட்டுக் கொடுக்கிறார்களே! (சிரிப்பு, கைதட்டல்)

இதே கேள்வியை இங்கிருந்து பக்கத்தில், தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் இருக்கிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். எஸ். ராமகிருஷ்ணன். கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வுக்குப் பெங்களூர் போனார். அங்கே உடல்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துவிட்டது. ஊருக்கு வந்து படுக்கை. 1975 போயிற்று, 76 போயிற்று, 77 போயிற்று. 1981-இல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் பெயரை வைத்து, ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஒரு சில குழந்தைகளோடு தொடங்கியது. இன்றைக்குச் சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி என்று விரிந்து நிற்கிறது. 2020-இல் பத்மஸ்ரீ. இடைப்பட்ட ஆறு வருஷத்துக்கு அவர் இடைவெளிச் சான்று வாங்கியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? 'வீட்டில் சும்மா இருந்தார்!'

வேலூரில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டரம்மா. 1954-இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. 'தொழில் முடிந்தது' என்றுதான் எவரும் சொல்வார்கள். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-இல் வேலூரில் அதற்கென்று ஒரு நிலையம் எழுந்தது. அவர்கள் இருவரும் விரும்பி நிற்கவில்லை, விதி நிறுத்தியது. 'அவர்கள் மகான்கள், நம் பிள்ளைகள் அப்படியா?' என்று நண்பர் கேட்பார். நான் மகான் கணக்குப் பேசவில்லை. ஒரு மனுஷர் நின்ற வருஷத்தை வெளியிலிருந்து பார்த்து விலை போடாதே என்கிறேன்.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

நடுவர் ஐயா மணி அடிக்கிறார். இன்னும் ஐந்து நிமிஷம் கொடுங்கள். மூன்றாவது கணக்கு பாக்கி. ஊர்க்காரர்களுக்கு ஓர் உண்மையும் பாக்கி.

'நின்ற பிள்ளை திரும்பப் போகாது' என்றீர்கள். நண்பரே, அது உண்மை. என் வீட்டிலேயே உண்மை.

1990. என் தங்கச்சி பத்தாம் வகுப்பில் 412 மதிப்பெண் எடுத்தாள். நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. இரண்டாம் வருஷம். அப்பா பீடிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அந்த வருஷம் படுக்கையில் விழுந்துவிட்டார். வீட்டில் வருமானம் இல்லை. இரண்டு பேரில் ஒருத்தர்தான் படிக்க முடியும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அவளே சொன்னாள்: "அண்ணே, நீ போ. நான் ஒரு வருஷம் நிக்கேன். அப்பாவுக்குச் சரியாகட்டும்."

மடியில் தட்டை எடுத்து வைத்தாள்.

அப்பாவுக்குச் சரியாகிவிட்டது. அடுத்த ஜூன் வந்தது. 'நீ பள்ளிக்கூடம் போறியா?' என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் எம்.ஏ. படித்தேன். எம்.ஃபில். படித்தேன். முனைவர் பட்டம் வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் நான் கட்டின கட்டணத்தில் அவள் சுற்றின பீடி இருந்தது. என் ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? முல்லைத் திணை. 'இருத்தல்.' தலைவன் வருகிறவரைக்கும் தலைவி ஆற்றியிருக்கிறாளே, அந்தப் பொறுமையைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதினேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒருத்தி ஆற்றியிருந்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வாய்மொழித் தேர்வில் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன்.

2022-இல் மருமகளைத் திட்டினேன் என்று சொன்னேனே, அப்போது தங்கச்சி போனை வாங்கினாள். மெதுவாக ஒன்று சொன்னாள். "அண்ணே, நானும் ஒரு வருஷம்னுதான் நின்னேன்."

குத்திக்காட்டவில்லை ஐயா. பயத்தில் சொன்னாள். மகளும் தன்னைப் போல ஆகிவிடுவாளோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு முன்னால் என் பட்டம், பட்டிமன்றம் எல்லாம் ஒன்றுமில்லை. அவள் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறாள். கேமராவைத் திருப்பிவிடாதீர்கள், எழுந்து போய்விடுவாள்.

முல்லைக்கு மறுபடி வருகிறேன். ஏனென்றால் பதில் அங்கேதான் இருக்கிறது. முல்லைத் தலைவி எப்படி ஆற்றியிருக்கிறாள்? தலைவன் 'கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன்' என்று நாள் குறித்துவிட்டுப் போகிறான். நாள் குறித்தால் அது இருத்தல். நாள் தெரியாமல் கடற்கரையில் கலங்கி நிற்கிறாளே, அது நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். நண்பரே, நீங்கள் சொல்கிற நஷ்டம் நெய்தல். நாங்கள் சொல்கிற லாபம் முல்லை. வித்தியாசம் ஒரு தேதி! (கைதட்டல்)

எங்கள் ஆற்றுப் பாசன விவசாயியைக் கேளுங்கள். பிசானம் அறுத்ததும் கார் நடவுக்குத் தண்ணீர் வருகிற வரைக்கும் வயல் சும்மாதான் கிடக்கிறது. சும்மா விட்டால் கோரை முளைக்கும். கீதாரியைக் கூப்பிட்டு ஆட்டுக் கிடை போட்டால் உரம் ஏறும். ஆனால் கார் எப்போது தொடங்கும் என்று விவசாயிக்குத் தெரியும். கிடை ஆட்டை நிரந்தரமாக வயலில் கட்டிவைக்கிறவன் உண்டா?

ஆகவே அந்த ராத்திரி நாங்கள் மூன்று பேரும் ஓர் ஒப்பந்தம் செய்தோம். ஒன்று, தேதி. காலண்டருக்குப் பின்னால் சுவரில் '2023 ஜூன்' என்று எழுதினோம். இரண்டு, வேலை. அந்த நோட்டு தினமும் எழுதப்பட வேண்டும். மூன்று, காசு. முதல் வருஷக் கட்டணத்தை அவள் பெயரில் வங்கியில் போட்டோம். அம்மா வைத்தியத்துக்கு என்றாலும் அதைத் தொடக் கூடாது. நகைக்கு என்றால் கேட்கவே கூடாது. அந்தப் பணத்தை நான் போட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அது தானம் இல்லை, கடன் அடைப்பு. முப்பத்திரண்டு வருஷத்து வட்டி இன்னும் பாக்கி நிற்கிறது.

நடுவில் தரகர் ஒருத்தர் வந்தார். "மக நின்னுட்டாளாமே?" என்றார். என் தங்கச்சி தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஜூன்ல காலேஜுக்குப் போறா. அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க, காப்பி தாரேன்" என்றாள். (பலத்த கைதட்டல்)

2023 ஜூன் முதல் தேதி காலையில், யாரும் சொல்லாமல், பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வாசலில் வைத்தவளும் அவள்தான். 1991 ஜூனில் அவளுக்கு யாரும் இறக்கி வைக்காத பெட்டி. மருமகள் அந்த வருஷமே சேர்ந்தாள். இன்றைக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக ஒரு காட்சி. அது 2022 ஐப்பசி மாதம். நல்ல மழை. நான் ஊருக்கு வந்திருந்தேன். மருமகள் ஆச்சிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, 'குதிகால் தரையில படணும் ஆச்சி, பாரத்தை ரெண்டு காலுக்கும் கொடுங்க' என்கிறாள். இடுப்பைப் பிடித்திருக்கிறாள், கையை இழுக்கவில்லை. என் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆடினாள். நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து எண்ணுகிற வரை நின்றாள். வாய் கோணலாக இருந்தது. சொல் தெளிவாக வந்தது.

"ஏட்டி! நான் நின்னுட்டேன்!"

நடுவர் அவர்களே! முப்பத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் அழுதுகொண்டே சொன்ன சொல் அது. அன்றைக்குத்தான் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டேன். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த என் தங்கச்சி தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. அம்மாவின் வலது கை இன்றைக்கும் முழுசாக வரவில்லை. நாலுகால் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு முற்றம் வரைக்கும் நடக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் நடக்கிறாள்.

நடக்க வைப்பவர்கள் முதலில் நிற்கத்தான் கற்றுத்தருகிறார்கள். நிற்கத் தெரியாத கால் நடந்தால் விழும். நம் பிள்ளை, 'ஒரு வருஷம் நிக்கேன்' என்று சொன்னால் பதறாதீர்கள். எதுக்கு என்று கேளுங்கள். எந்தத் தேதி வரைக்கும் என்று கேளுங்கள். அந்தத் தேதி வந்ததும், பிள்ளை மறந்தாலும் நீங்கள் மறக்காமல், பெட்டியை இறக்கி வையுங்கள். அப்படி இறக்கி வைக்கிற கை வீட்டில் இருந்தால், ஒரு வருஷம் நிற்பது லாபமே, லாபமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி, என்னைப் படிக்க வைத்த என் தங்கச்சிக்கு இந்த மேடையிலாவது நன்றி சொல்லி விடைபெறுகிறேன்.